பழத்தோட்டம் வைக்கும் முன் மண்ணை எப்படிப் பார்ப்பது? வரைபடம், மாதிரி, துளைப்பான், குழி: ஓர் ஒப்பீடு

"போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது. சொட்டுநீர் மானியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மண் பரிசோதனையும் செய்தாயிற்று. கொய்யா வைக்கலாமா, மாதுளை வைக்கலாமா?" திண்டுக்கல், திருப்பூர், கோவை பக்கத்து வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கின்றன. பதில் சொல்வதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: மண்ணை எத்தனை ஆழத்துக்குப் பார்த்தீர்கள்? ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மாதிரியை வைத்து இருபது, முப்பது ஆண்டு நிற்கப்போகும் மரத்துக்கு முடிவெடுப்பது எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. அந்த மாதிரி எவ்வளவு உரம் போட வேண்டும் என்று சொல்லும். நிலம் அந்த மரத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி வேறு; அதற்கான பதில் இன்னும் கீழே இருக்கிறது.

மண்ணைப் பார்க்க இன்று ஒரு விவசாயிக்கு ஐந்து வழிகள் உண்டு. எந்த வழி யாருக்கு, எந்தப் பயிருக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று எடைபோடுவதே இந்தக் கட்டுரை.

## முதலில், எதை அறிய வேண்டும்?

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1976-இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு நெறிமுறைதான் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை. 1985-இல் பாசன வேளாண்மைக்கென்றே தனி வழிகாட்டி ஒன்றும் வந்தது. அவற்றின் சாரம் இது: "நல்ல நிலம்" என்று பொதுவாக எதுவும் கிடையாது. எந்தப் பயிருக்கு, எந்தப் பாசன முறையில் என்று சேர்த்துச் சொன்னால்தான் பொருத்தம் என்ற பேச்சுக்கே பொருள் உண்டு. வெங்காயத்துக்கு முதல்தரமான மண் மா மரத்துக்கு லாயக்கற்றதாக இருக்கலாம். இன்னொன்று, ஒன்பது அம்சங்கள் சிறப்பாக இருந்தாலும் பத்தாவது மோசமாக இருந்தால், அந்தப் பத்தாவதுதான் நிலத்தின் தரத்தைத் தீர்மானிக்கும். மண் நன்றாக இருக்கிறது, ஆனால் அரை மீட்டரில் பாறை என்றால், மா மரத்துக்கு அது அரை மீட்டர் நிலம்தான்.

பாசனத் தோட்டத்துக்கு நான் வைக்கும் அளவுகோல்கள் இவை.

வேர் இறங்கக்கூடிய ஆழம் முதலாவது. நம் மண் அளவீட்டுத் துறைகள் 50 சென்டிமீட்டருக்குக் குறைவானதை ஆழமற்ற மண் என்றும், ஒரு மீட்டரைத் தாண்டியதை ஆழமான மண் என்றும் வகுக்கின்றன. ஆழம் வேருக்கு இடம் மட்டுமன்று, தண்ணீர் சேமிப்பும் அதுதான். மணற்பாங்கான செம்மண் மீட்டருக்குச் சுமார் 120 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குத் தரக்கூடியது. ஆழம் 40 சென்டிமீட்டர்தான் என்றால் 48 மில்லிமீட்டர். அதில் பாதியை மரம் சிரமமில்லாமல் எடுக்கும் என்று கொண்டால் 24. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவானால் ஐந்து நாள் தாங்கும். அந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சரளை என்றால் மூன்று நாள். சொட்டுநீரில் நனைவது நிலத்தின் ஒரு பகுதி மட்டுமே என்பதால் நடைமுறையில் இன்னும் குறையும். மோட்டார் பழுதாகி நான்கு நாள் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது வடிகால். மழை பெய்து மறுநாளும் வேர்ப்பகுதியில் தண்ணீர் நின்றால் பப்பாளி தாங்காது, எலுமிச்சை அடித்தண்டு அழுகும். மூன்றாவது உப்பு, களர் (சோடியம் மிகுந்து மண் கெட்ட நிலை), சுண்ணாம்பு. இவை மேல்மண்ணில் இல்லாமல் கீழே மட்டும் இருப்பது கொங்குப் பகுதியில் சர்வ சாதாரணம். நான்காவது, ஒரே பட்டாவுக்குள் மண் எத்தனை முறை மாறுகிறது என்பது. சொட்டுநீர் வால்வுகளை எங்கே பிரிக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. ஐந்தாவது செலவும் நேரமும்.

தழை, மணி, சாம்பல் சத்துகளை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. சத்துக் குறையை உரமும் எருவும் சரிசெய்யும். பாறையை எந்த உரமும் சரிசெய்யாது.

## வழி 1: வரைபடமும் மண்வள அட்டையும்

செலவே இல்லாத வழி. புல எண்ணைக் கொடுத்தால் தமிழ் மண்வளம் இணையதளத்தில் தகவல் பார்க்கலாம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் அளவீட்டு, நிலப்பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் தயாரித்த மாநில மண் வரைபடமும் இருக்கிறது.

வரைபடத்தின் அருமை, உங்கள் வட்டாரத்தில் எந்தெந்த மண் தொடர்கள் (ஒரே மாதிரி அடுக்கமைப்பு உள்ள, ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் மண் வகைகள்) வரக்கூடும் என்று சொல்வதில் இருக்கிறது. கோவைப் பகுதியில் இருகூர் தொடர் என்றால் சுண்ணாம்பில்லாத செம்மண், பெரியநாயக்கன்பாளையம் தொடர் என்றால் சுண்ணாம்பு கலந்த ஆழமான கரிசல். இரண்டும் ஒரே ஊருக்குள் பக்கத்தில் பக்கத்தில் வரும். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வயலில் இறங்குவதற்கு இந்த அறிவு பெரிய பலம்.

ஆனால் மாநில வரைபடத்தின் அளவு 1:2,50,000. அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது தரையில் 625 ஹெக்டேர், அதாவது ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேல். உங்கள் ஐந்து ஏக்கர் அதில் ஒரு புள்ளிகூட இல்லை. மண்வள அட்டைக்கும் எல்லை உண்டு. 2015 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முறைப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. அட்டையில் இருக்கும் எண்கள் பக்கத்துத் தோட்டத்து மண்ணிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். அதிலுள்ள பன்னிரண்டு அளவுகளில் ஆழம் இல்லை, வடிகால் இல்லை, சரளை இல்லை. உரப் பரிந்துரைக்காக உருவாக்கிய அட்டையிடம் வேறு வேலையைக் கேட்பது நம் தவறு, அட்டையின் தவறன்று.

இது மட்டும் போதும் என்ற சூழல்: நிலத்தை இன்னும் வாங்கவில்லை, இரண்டு மூன்று ஊர்களுக்கு நடுவே யோசிக்கிறீர்கள் என்னும்போது. அதற்குமேல் இதை நம்பி ஒரு கன்றுகூட நட வேண்டாம்.

## வழி 2: மேல்மண் மாதிரி, ஆய்வகச் சோதனை

பெரும்பாலோர் "மண் பரிசோதனை" என்று சொல்வது இதைத்தான். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, மண்ணைச் சேர்த்துக் கலந்து, நான்காகப் பகுத்துக் குறைத்து அரைக் கிலோவை வேளாண் துறை ஆய்வகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொடுப்பது. கட்டணம் மிகக் குறைவு. முடிவு வரக் கூடுதல் நாள் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

காய்கறிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இது நல்ல வழி. வேர் இருக்கும் ஆழமும் மாதிரி எடுக்கும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றுதான். தவறாகப் போனாலும் நான்கு மாதத்தில் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம்.

மரப்பயிருக்கு 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியே மூன்று மாதிரி எடுக்க வேண்டும் என்பதுதான் பரிந்துரை. இது புத்தகத்தில் இருக்கிறது, வயலில் நடப்பதில்லை. கடப்பாரை பிடித்து மூன்றடி தோண்டப் பலரும் சலித்துக்கொள்கிறார்கள்; மேலே சுரண்டி எடுத்த மண்ணே மூன்று பைகளிலும் போய்ச் சேருவதும் உண்டு.

இந்த வழியில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து இரண்டு. பல இடத்து மண்ணைக் கலக்கும்போது வேறுபாடு அழிந்துவிடுகிறது. மேட்டில் பி.எச். (கார அமில நிலை) 7.2, பள்ளத்தில் 9.0 என்றால், கலந்த மாதிரி இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்குரிய மண் உங்கள் நிலத்தில் எங்குமே இல்லை. இரண்டாவது, மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் எண். நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் மண்ணோடு இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன. ஆனால் தக்காளி மீட்டருக்கு 2.5 டெசிசைமன் (மின்கடத்துத்திறனின் அலகு) வரை, வெங்காயம் 1.2 வரைதான் விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று நூல்கள் சொல்வதெல்லாம், மண்ணைக் குழம்பாகக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் அளந்தவை. ஒரே மண் இந்த இரண்டாவது முறையில் பல மடங்கு கூடுதலாகக் காட்டும். அட்டையில் 0.8 என்று பார்த்துவிட்டு "வெங்காயத்துக்குப் பயமில்லை" என்று முடிவுகட்டினால் ஏமாற்றம்தான். எந்த முறையில் அளந்தார்கள் என்று ஆய்வகத்தில் கேளுங்கள். கேட்கக் கூச்சமே வேண்டாம்.

## வழி 3: மண் துளைப்பான்

ஆகர் எனப்படும் கைத்துளைப்பானைத் திருகித் திருகி இறக்கி, ஒவ்வொரு சாணுக்கும் வரும் மண்ணை வரிசையாகச் சாக்கின் மேல் பரப்பிப் பார்ப்பது. ஈர மண்ணில் ஒரு காலைப் பொழுதில் பல துளைகள் போடலாம். நிறம் எங்கே மாறுகிறது, களி எங்கே தொடங்குகிறது, சுண்ணாம்பு உருண்டைகள் எங்கே வருகின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு மண் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அறியலாம். எலுமிச்சை வைக்க நினைப்பவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். ஆண்டுதோறும் இலைவழி தெளித்தே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

துளைப்பானின் குறை சரளை நிலத்தில் வெளிப்படும். 40 சென்டிமீட்டரில் தடுக்கிறது என்றால், அது தனிக் கல்லா, சுண்ணாம்பு இறுகிய சுக்கான் பாறையா, உழவில் இறுகிய அடுக்கா என்று தெரியாது. மூன்றுக்கும் விளைவு வேறு. தனிக் கல் பொருட்டே அல்ல. இறுகிய அடுக்கை உளிக்கலப்பை உடைக்கும். தடித்த சுக்கான் பாறையோடு எதுவும் செய்வதற்கில்லை.

கரிசல், வண்டல் நிலத்துக்கும் ஆற்றோர நிலத்துக்கும் துளைப்பானை மனமாரப் பரிந்துரைப்பேன். சரளைச் செம்மண்ணில், எங்கே குழி வெட்ட வேண்டும் என்று தேர்வதற்கு மட்டும்.

## வழி 4: குழி

ஒன்றரை மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் அகலம், ஆள் இறங்கி நிற்க வசதியான நீளம். வெயில் விழும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் புதிதாகச் சீவிவிட்டுப் பார்க்க வேண்டும். மண்ணைப் பற்றி வேறு எந்த வழியும் சொல்லாததை இந்தச் சுவர் சொல்லும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

முதலில் பழைய வேர்களைப் பாருங்கள். வேலியோரத்து வேம்பின் வேரோ முன்பு நின்ற பயிரின் வேரோ எந்த ஆழத்தில் பக்கவாட்டில் திரும்புகிறதோ, உங்கள் கன்றின் வேரும் அங்கேதான் திரும்பும். அடுத்து நிறம். சாம்பல் திட்டும் துருநிறப் புள்ளியும் கலந்து தெரிந்தால், அங்கே ஆண்டில் சில வாரமாவது தண்ணீர் தேங்குகிறது. இப்போது கோடை, குழி வறண்டு கிடக்கிறது என்றாலும் அந்த அடையாளம் போகாது. ஐப்பசியில் என்ன நடக்கும் என்பதைச் சித்திரையிலேயே சொல்லிவிடும். சரளை எத்தனை பங்கு என்பதைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். சுண்ணாம்பு உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றனவா, சேர்ந்து பலகையாகிவிட்டனவா என்றும் பாருங்கள். சிதறல் என்றால் வேர் நுழையும். பலகை என்றால் நுழையாது.

பிறகு அடியில் ஒரு சிறு பள்ளம் எடுத்துத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்புங்கள். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வடிகால் மோசம். எலுமிச்சையும் பப்பாளியும் வேண்டாம். அதே சுவரிலிருந்து 30, 60, 90 சென்டிமீட்டரில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழி 2-இன் குறையும் தீர்ந்துவிடும்.

எத்தனை குழி? ஒரே சீரான நிலம் என்றால் ஐந்து ஏக்கருக்கு மூன்று அல்லது நான்கு. மேட்டில் ஒன்று, சரிவின் நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, எப்போதும் பயிர் சோர்ந்து நிற்கும் திட்டில் ஒன்று. அந்தச் சோர்ந்த திட்டைத் தவிர்க்க மனம் சொல்லும். அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஆட்கூலி, அல்லது சில மணி நேரப் பொக்லைன் வாடகை. மறைவான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அடிமண்ணையும் மேல்மண்ணையும் தனித்தனியே குவித்து அதே வரிசையில் மூட வேண்டும். மாற்றிக் கொட்டினால் அந்த இடம் சில ஆண்டுகள் விளையாது. மணற்பாங்கான நிலத்தில் குழியின் சுவர் சரியும், தனியாளாக ஒருபோதும் இறங்கக் கூடாது. ஆடு மாடும் குழந்தைகளும் விழாமல் முள் போட்டு மறைக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே மூடிவிடுவது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், சுவரைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். வேளாண் அறிவியல் நிலையத்து மண்ணியலாளர் வரச் சம்மதித்தால் குழியை அவர் வரும் நாளுக்கு வெட்டுங்கள்.

"எப்படியும் நடவுக்குக் குழி எடுக்கத்தானே போகிறோம், அப்போது தெரிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். தெரியும். ஆனால் அப்போது கன்றுக்கு முன்பணம் கொடுத்திருப்பீர்கள், குழாய் வரைபடம் முடிந்திருக்கும், மானியக் கோப்பில் பயிரின் பெயர் ஏறியிருக்கும். யாரும் அந்த நிலையில் பின்வாங்குவதில்லை. பாறையில் நட்டுவிடுகிறார்கள்.

## வழி 5: கட்டம் கட்டிய முழு அளவீடு

ஆஸ்திரேலியாவின் திராட்சைத் தோட்டங்களில் 75 மீட்டர் இடைவெளிக் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டப்புள்ளியிலும் குழி வெட்டி, மண் நீர்ப்பிடிப்பு வரைபடம் வரைந்து, அதன்மேல்தான் பாசனக் குழாயை வடிவமைக்கிறார்கள். சுமார் ஒன்றரை ஏக்கருக்கு ஒரு குழி. இ.எம்.38 போன்ற மின்காந்தத் தூண்டல் கருவியை இழுத்துச் சென்று ஒன்றரை மீட்டர் ஆழம் வரை மண்ணின் மின்கடத்தலை வரைபடமாக்கும் முறையும் உண்டு. அந்தக் கருவி உப்பையும் களியையும் ஈரத்தையும் பிரித்தறியாது. எது காரணம் என்று அறிய மறுபடி குழிதான் வெட்ட வேண்டும். போர்வெல் போடும் முன் நீரோட்டம் பார்க்கும் மீட்டர் இதுவன்று. அது பார்ப்பது ஆழத்துப் பாறையை.

ஐந்து ஏக்கருக்கு இது தேவையில்லை. இருபது ஏக்கரைத் தாண்டி ஒரே முதலீட்டில் அடர்நடவு செய்பவர்களும், பலர் சேர்ந்து நிலம் ஒருங்கிணைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கட்டாயம் யோசிக்க வேண்டும். அங்கே ஒரு வால்வுக்குக் கீழ் இரண்டு வகை மண் வந்துவிட்டால், கரிசல் பக்கம் மூழ்கும், சரளைப் பக்கம் வாடும். எந்த நேரத்துக்கு மோட்டார் போட்டாலும் பாதித் தோட்டத்துக்கு அது தவறான நேரமாகவே இருக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | ஆழம் தெரியுமா | வடிகால் | உப்பு, களர், சுண்ணாம்பு | நிலத்துக்குள் வேறுபாடு | செலவு |
|---|---|---|---|---|---|
| வரைபடம், அட்டை | வட்டாரப் போக்கு மட்டும் | இல்லை | மேல்மண் மட்டும் | இல்லை | இல்லை |
| மேல்மண் மாதிரி | இல்லை | இல்லை | மேல்மண் மட்டும், நம்பகமாக | கலப்பில் மறையும் | மிகக் குறைவு |
| துளைப்பான் | கல் இல்லாத மண்ணில் ஆம் | ஓரளவு | ஆம் | நன்றாகத் தெரியும் | குறைவு |
| குழி | ஆம் | ஆம் | ஆம், ஆய்வகத்தோடு சேர்ந்தால் | குழி எண்ணிக்கையைப் பொறுத்து | நடுத்தரம் |
| கட்ட அளவீடு | ஆம் | ஆம் | ஆம் | முழுமையாக | அதிகம் |

## தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கூடவே அனுப்புங்கள். நீரின் மின்கடத்துத்திறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை. எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லிசமானத்துக்கு மேல் போனால் பாசனத்துக்கு ஆகாது. இன்று நல்ல மண்ணாக இருப்பது இப்படிப்பட்ட நீர் பாய்ந்தால் சில ஆண்டுகளில் களராகும். மண் சோதனை எவ்வளவு சிறப்பாக வந்தாலும் இதைக் காட்டாது, ஏனென்றால் அந்தக் கெடுதல் இன்னும் நடக்கவில்லை.

## யாருக்கு எது?

காய்கறி, வெங்காயம், பூ போன்ற குறுகிய காலப் பயிர்களுக்கு மேல்மண் மாதிரியும் நீர்ச் சோதனையும் போதும். பள்ளத்து மாதிரியையும் மேட்டு மாதிரியையும் கலக்காமல் தனித்தனியே கொடுத்தால் சரி.

வாழை, பப்பாளிக்கு இவற்றோடு துளைப்பான் சேர வேண்டும். வடிகால் சந்தேகம் எழுந்தால் ஒரு குழியாவது வெட்டுங்கள்.

கொய்யா, மாதுளை, எலுமிச்சை, சப்போட்டா, மா என்று எந்த மரம் வைப்பதானாலும் குழிக்கு மாற்று இல்லை. ஆறு மீட்டர் இடைவெளியில் கொய்யா வைத்தால் ஏக்கருக்கு 110 கன்றுக்கு மேல் வரும். கன்று, குழி, எரு, சொட்டுநீர், மூன்றாண்டுக் காத்திருப்பு எல்லாவற்றுக்கும் எதிரே நான்கு குழியின் செலவை வைத்துப் பாருங்கள்.

குழி கெட்ட செய்தி சொன்னால் நிலத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. பயிரை மாற்றலாம். ஆழம் குறைவென்றால் மாவைக் கைவிட்டுக் காய்கறிக்கோ மேட்டுப்பாத்திக்கோ போகலாம். களர் என்றால் நெல்லியும் இலந்தையும் மற்ற மரங்களைவிடத் தாங்கும். சப்போட்டா உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஜிப்சம் இட்டுத் திருத்தலாம் என்றால், கரைந்த சோடியம் கீழே வடிய வழி இருக்கிறதா என்பதை அதே குழியில் பார்த்துவிட்டுத்தான் ஜிப்சத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். வடிகால் இல்லாத களரில் ஜிப்சம் வீண்.

நில விற்பனை பேச்சில் இருக்கும்போதே குழி வெட்ட அனுமதி கேட்பது நல்லது. உரிமையாளர் மறுத்தால் துளைப்பானுக்காவது கேளுங்கள். அதையும் மறுத்தால் விலையை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். ஆடி, ஆவணியில் நடவு என்று திட்டமிட்டிருந்தால் சித்திரையிலேயே கோடை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும் வாரத்தில் வெட்டிவிடுங்கள். ஆய்வக முடிவு வரவும், சொட்டுநீர் வடிவமைப்பாளரிடம் மண் மாறும் எல்லையைக் காட்டி வால்வுகளைப் பிரிக்கச் சொல்லவும், தேவைப்பட்டால் கன்றின் வகையை மாற்றிச் சொல்லவும் அப்போதுதான் கால அவகாசம் இருக்கும்.